பிறரிடம் இல்லாதது

தமிழில் 'அருமை' என்று ஒரு சொல் இருக்கிறது. கிடைப்பதற்கு அரியது என்பதும் அதன் பொருள்; மிக நல்லது, அன்புக்கு உரியது என்பதும் அதன் பொருள். அருமையான பிள்ளை என்கிறோம். அருமையான பாட்டு என்கிறோம். அந்தப் பாட்டு ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. இரண்டு பொருளும் எப்போதோ கலந்து போய்விட்டன. இந்தக் கலப்பு மொழிக்கு அழகாக இருக்கலாம். மனிதனுடைய மனத்துக்குள் இதே கலப்பு நேரும்போது அதுவும் அழகுதானா என்பது என் சந்தேகம்.

இந்தச் சந்தேகத்தை எனக்கு உண்டாக்கியவர்கள் பழைய நடன இசைத்தட்டுகளைச் சேகரிக்கிறவர்கள். 1980-களில் நியூயார்க், சிகாகோ, லண்டன் முதலிய நகரங்களின் இரவுக் கிளப்புகளில் சுழன்ற தட்டுகள் அவை. ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான். அவற்றில் சிலவற்றுக்கு இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாதச் செலவை விலையாகக் கேட்கிறார்கள். கேட்பதில் ஆச்சரியம் இல்லை. யாரும் எதையும் கேட்கலாம். கொடுக்கிறார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

அந்தத் தட்டின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒற்றைப் பாட்டுத் தட்டு என்றால் ஏழு அங்குலம்; மூன்று நான்கு நிமிஷத்தில் பாட்டு முடிந்துவிடும். 1970-களின் நடுவில் டாம் மோல்டன் என்ற நியூயார்க்காரர் தாம் செப்பனிட்ட பாட்டு ஒன்றைச் சோதனைத் தட்டில் வெட்டிப் பார்க்கப் போனார். ஏழு அங்குல வெற்றுத் தட்டு கையிருப்பில் இல்லை. பொறியாளர் பத்து அங்குலத் தட்டை எடுத்தார். அவ்வளவு பெரிய தட்டில் ஓரமாக ஒரு சிறு வளையத்துக்குள் பாட்டு முடிந்து போவது பார்க்க வேடிக்கையாக இருக்கவே, கோடுகளை அகலமாகப் பரப்பி வெட்டினார்கள். கேட்டவர்கள் அசந்து போனார்கள். கோட்டுக்குக் கோடு இடைவெளி கூடினால் ஒலியை உரக்கப் பதிக்கலாம். அடித்தொனி நெஞ்சில் வந்து மோதும். பத்து பன்னிரண்டாயிற்று. 1976-ல் 'டபிள் எக்ஸ்போஷர்' என்ற குழுவின் 'டென் பர்சென்ட்' பன்னிரண்டு அங்குலத் தட்டாகக் கடைக்கே வந்துவிட்டது. வால்டர் கிப்பன்ஸ் என்ற டி.ஜே. அந்தச் சிறு பாட்டை நீட்டித்து, ஆடுகிறவர்கள் மூச்சு வாங்கவும் மறுபடி எழும்பவும் இடம் வைத்துத் தந்திருந்தார்.

ஆகவே, அந்தத் தட்டின் அகலமும் நீளமும் உரத்த குரலும் எல்லாமே கூட்டத்துக்காக ஏற்பட்டவை. சாய்வு நாற்காலியில் ஒருவர் தனியாக உட்கார்ந்து கேட்பதற்கென்று அதைச் செய்யவில்லை. கோயில் மேளத்தைக் கூடத்துக்குள் வைத்து வாசித்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான்.

கூட்டம் என்றேன். எந்தக் கூட்டம் என்பதும் முக்கியம். நியூயார்க்கில் கிங் தெருவில் ஒரு பழைய கார் ஷெட், 1977-லிருந்து 1987 வரை 'பாரடைஸ் கராஜ்' என்ற நடனசாலையாக இருந்தது. அங்கே மது விற்பதில்லை. நம் ஊர் வாசகர்களுக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். லாரி லெவன் என்பவர் தட்டுகளைச் சுழற்றுவார்; விடிய விடிய ஆடுவார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள்; அவர்களிலும் பலர் ஆணை நேசித்த ஆண்கள். பெற்ற வீட்டிலேயே இடம் மறுக்கப்பட்டவர்கள் அவர்களுக்குள் உண்டு. வாரத்தில் ஓர் இரவு, நாலு சுவருக்குள், தான் யாரென்று மறைக்க வேண்டாத ஒரு சில மணி நேரம். அதற்குத்தான் அந்தத் தட்டுகள். பிறகு எய்ட்ஸ் நோய் வந்தது. அந்தத் தரையில் ஆடியவர்களை அது கூட்டம் கூட்டமாகக் கொண்டு போயிற்று. கராஜின் சொந்தக்காரரும், 'கோ பேங்' முதலிய தட்டுகளைச் செய்த ஆர்தர் ரஸ்ஸலும் அதற்கே பலியானார்கள். பழைய தட்டு ஒன்றின் லேபிளில் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருந்தால் சேகரிப்பவர்கள் அதைக் குறையாகக் கருதி விலையைக் குறைப்பது வழக்கம். அந்தப் பெயருக்கு உரியவன் என்ன ஆனான் என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

நிற்க. லண்டனில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கணக்குத் தணிக்கை உத்தியோகம், ஏறக்குறைய நாலாயிரம் தட்டுகள் வைத்திருக்கிறார். மாடியில் ஓர் அறை முழுவதும் அவைதாம். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். சிகாகோவில் அடித்தது, கண்ணாடிக் காகித உறை கூடப் பிரியவில்லை. குழந்தையைத் தாங்குவது போல இரண்டு கைகளாலும் தாங்கிக் கொண்டிருந்தார்.

"போடுங்களேன், கேட்கலாம்" என்றேன்.

"ஐயோ, இதையா சார்? இது இன்னும் ஊசி படாத தட்டு!"

"அப்படியானால் பாட்டு எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாமல் என்ன? வேறொரு பிரதி வைத்திருக்கிறேனே, கொஞ்சம் கீறல் விழுந்தது. கேட்கிறதெல்லாம் அதில்தான்."

நம் வீடுகளில் வெள்ளி டம்ளர் பீரோவில் இருக்கும். காபி எவர்சில்வர் டம்ளரில் வரும். அந்த ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் கோட்டின் சுவரைச் சற்றுத் தேய்த்துக் கொண்டுதான் போகிறது. கேட்பது என்பதே கொஞ்சம் அழிப்பது. ஆயிரம் முறை ஆடப்பட்ட தட்டில் மிஞ்சுவது இரைச்சல். அன்றைக்கு அதை உண்மையாகக் காதலித்தவர்கள் எல்லோரும் அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டார்கள். காதலிக்காதவன் அலமாரியில் கிடந்ததுதான் இன்று புதுக்கருக்குக் குலையாமல் நமக்குக் கிடைக்கிறது. கடையில் விற்காமல் தேங்கியதற்கு இன்று அதிக விலை!

இதில் இன்னொரு விநோதம் உண்டு. 1983-ல் 'நியூ ஆர்டர்' என்ற ஆங்கிலேயக் குழு 'புளூ மண்டே' என்ற தட்டை வெளியிட்டது. இங்கிலாந்தில் பன்னிரண்டு அங்குலத் தட்டுகளிலேயே மிக அதிகமாக விற்றது அதுதான். கம்ப்யூட்டர் பிளாப்பி போலத் துளை வெட்டிய உறை. பெயருக்குப் பதில் வண்ணக் கட்டங்கள். அதைக் கேட்டு ஆடியவர்கள் தொகை எண்ணி மாளாது. அதன் சாதாரணப் பிரதியைப் பழைய தட்டுக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கலாம். அதே ஆண்டுகளில் சில நூறு பிரதிகள் அடித்து, அவையும் போகாமல் கிடந்த எத்தனையோ தட்டுகளுக்கு அதைப் போல நூறு மடங்கு விலை. பாட்டு நூறு மடங்கு உயர்வா? என் நண்பரே இல்லை என்பார்.

அப்படியானால் விலை எதற்கு? யோசித்துப் பார்த்தால், அரிதாயிருப்பது என்பது அந்தப் பொருளின் குணமே அல்ல. கனம், நிறம், ஓசை போல அது பொருளில் எங்கும் ஒட்டிக் கொண்டிருக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது. அது மற்றவர்களைப் பற்றிய ஒரு செய்தி. அவர்களிடம் இது இல்லை என்ற செய்தி. நான் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி பாட்டுக்கு. மீதிப் பெரும்பகுதி பிறருடைய இல்லாமைக்கு. நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதை நான் கொஞ்சம் தன்னலத்தோடும் பார்க்கிறேன். என் புத்தகத்தின் முதற்பதிப்பை ஓரம் கூட மடங்காமல் வைத்திருப்பதாக யாராவது வந்து பெருமையோடு சொன்னால், எனக்கு அவரைக் கட்டிக் கொள்ளத் தோன்றாது. எண்ணெய்க் கறையும் காபிக் கறையுமாக ஒரு பிரதியைக் கொண்டு வந்து கையெழுத்துக் கேட்கிறாரே, அவருக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

அந்த விலையாவது செய்தவனுக்குப் போகிறதா என்றால், அதுவும் இல்லை. சிகாகோவில் 'ட்ராக்ஸ்' என்ற கம்பெனி 1980-களின் நடுவில் 'ஹவுஸ்' என்ற புது இசையின் புகழ் பெற்ற தட்டுகளை வெளியிட்டது. சிக்கனத்துக்காகப் பழைய தட்டுகளை அரைத்து உருக்கிய பிளாஸ்டிக்கில் அவற்றை அச்சிட்டார்கள். புதுத் தட்டிலேயே கரகரப்பு இருக்கும். லாரி ஹெர்ட் என்ற கலைஞரின் 1986-ம் ஆண்டுத் தட்டு 'கேன் யூ ஃபீல் இட்' அப்படி வந்ததுதான். உலகமெங்கும் அதற்கு ஆடினார்கள். ஹெர்டும் அவருடைய பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் தங்களுக்கு உரிய ராயல்டி வரவில்லை என்று 2020-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2022-ல் சமரசமாக முடிந்து, பாட்டுகளின் உரிமை அவர்கள் கைக்குத் திரும்பிற்று. முப்பத்தாறு ஆண்டுகள்! இதற்கிடையே அந்தப் பழைய பிரதிகள் கை மாறிக் கை மாறி விலை ஏறிக் கொண்டிருந்தன. சட்டப்படி ஒரு முறை விற்ற தட்டின் மறு விற்பனையில் பாடியவனுக்குக் காலணா கிடையாது. ஓவியம் என்றால் வேறு. பிரிட்டனில் 2006 முதல், கலைக்கடை வழியாகவோ ஏலத்திலோ ஒரு படம் நல்ல விலைக்கு மறு விற்பனை ஆனால் ஓவியனுக்கு ஒரு பங்கு உண்டு. இசைத்தட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, சேகரிப்பவர்களை நான் கூண்டில் ஏற்றுவதாக நினைத்துவிட வேண்டாம். அவர்களை விடப் பெரிய எதிரிகளைப் பாட்டு சந்தித்திருக்கிறது. 1979 ஜூலை 12-ந் தேதி சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் இரண்டு பேஸ்பால் பந்தயங்கள். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டு வந்து கொடுத்தால் 98 சென்டுக்கு டிக்கட். ஒரு வானொலிக்காரர் செய்த ஏற்பாடு. முதல் பந்தயம் முடிந்ததும் தட்டுகளைப் பெட்டியில் குவித்து மைதானத்தின் நடுவில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜனங்கள் உள்ளே பாய்ந்தார்கள்; இரண்டாவது பந்தயமே நடக்கவில்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ஒன்றைக் கவனித்தார். வந்து விழுந்தவை எல்லாம் டிஸ்கோ தட்டுகள் அல்ல. கறுப்பர்கள் பாடிய எந்தத் தட்டானாலும் வெடிக்கு இரையாகத்தான் வந்திருந்தது.

இப்படி ஒரு காலத்தில், ஒருவன் அதே தட்டைக் கொண்டு போய்த் தன் கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தினான் என்றால், அவன் எந்த எண்ணத்தோடு செய்திருந்தாலும் அவனுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். நமக்குத் தெரியாததா? ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்ட ஏடுகள் எத்தனை, செல்லரித்தவை எத்தனை! எங்கோ ஒரு வீட்டுப் பரணில் யாரோ ஒருவர், படிக்கத் தெரியாமலே, பாட்டன் சொத்து என்று கட்டி வைத்திருந்தார். அதனால் உ. வே. சாமிநாதையருக்கு ஏடு கிடைத்தது. ஆனால் ஐயரவர்கள் தேடிக் கண்டெடுத்த சிந்தாமணி ஏடுகளைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டு, இது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று மகிழ்ந்திருந்தால்? 1887-ல் அதை அச்சிட்டு, ஒரே நாளில் தம் ஏடுகளின் தனிப்பெருமையைத் தாமே ஒழித்தார். இரண்டு பேரும் காப்பாற்றியவர்கள்தாம். அதற்குப் பிறகு அவரவர் என்ன செய்தார் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

இதை மனத்தில் வைத்துக் கொண்டுதான் லண்டன் நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பம்பாய்ச் சினிமா இசைக் குழுக்களில் வாசித்துக் கொண்டிருந்த சரண்ஜித் சிங் என்பவர் 1982-ல் ஒரு தட்டு வெளியிட்டார். பத்து ராகங்களை எலெக்ட்ரானிக் வாத்தியங்களில் டிஸ்கோ தாளத்துக்கு வாசித்தது. அன்று அதைச் சீந்துவார் இல்லை. பிற்பாடு மேல்நாட்டார் கேட்டுவிட்டு, சிகாகோவில் 1987-ல் பெரும் புரட்சியாக வந்த ஓசையை இந்த மனிதர் ஐந்து ஆண்டு முன்பே எட்டிவிட்டாரே என்று வியந்தார்கள். ஒரு டச்சுக்காரச் சேகரிப்பாளர் பழைய தட்டுக் கடையில் கண்டெடுத்து, சரண்ஜித் சிங்கைத் தேடிப் போய்ப் பார்த்து, 2010-ல் அதை மறுபடி அச்சிட்டார். முதிய வயதில் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார், 2015-ல் காலமானார். என் நண்பரிடம் 1982-ன் மூலப் பிரதி ஒன்று இருக்கிறது.

"மறு அச்சு வந்த செய்தியைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசவில்லை. உறையின் மடிப்பை விரலால் நீவிக் கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா சார்? முதல் நாள் வயிறெரிந்தது. மறுநாள் யூட்யூபில் அந்த மனிதர் மேடையில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்தேன். எதிரே சின்னப் பையன்களும் பெண்களும் ஆடுகிறார்கள். அழுதுவிட்டேன்."

முதல் நாளும் மறுநாளும் ஒரே மனிதர்தான். நான் மேலே சொன்ன இரண்டு அருமைகளும் அவருக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருக்கின்றன. எது சொந்தக்காரன், எது வாடகைக்காரன் என்று அவருக்கே சில சமயம் தெரிவதில்லை. சேகரிப்பவர் யாரையும் நான் எடைபோட நேர்ந்தால் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். உம்முடைய பொருள் நாளைக்கே பத்தாயிரம் பேருக்குக் கிடைத்தால் நீர் சந்தோஷப்படுவீரா?

மறைப்பதையே தொழில் தருமமாகக் கொண்டவர்களும் இருந்திருக்கிறார்கள். ஜமெய்க்காவில் 1950-களில் தெரு நடனத்துக்கு இசை வைத்த காக்ஸன் டாட், தட்டின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார். அமெரிக்கத் தட்டு ஒன்றுக்குத் தம் பெயரையே சூட்டி வைத்திருந்தார். போட்டியாளர் டியூக் ரீட் எப்படியோ உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து, அதே தட்டைத் தாமும் வாங்கிப் போட்டுவிட்டார். அந்தத் தீவிலிருந்து நியூயார்க் போன கூல் ஹெர்க், 1970-களில் தகப்பனார் சொற்படி தட்டுகளைக் குளிக்கும் தொட்டியில் ஊறப் போட்டு லேபிளை உரித்தார். இவர்களை நான் அவ்வளவு கடிந்து பேசமாட்டேன். பெயரைத்தான் மறைத்தார்கள், பாட்டை ஊரே கேட்கும்படி உரக்க வைத்தார்கள். பெயரை அட்டவணையில் துல்லியமாகப் பதிந்துவிட்டுப் பாட்டை உறைக்குள் மறைக்கும் இன்றைய வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரிய தட்டு ஒன்றைப் பறிகொடுத்தவன் என்ன செய்யலாம் என்பதற்கும் ஓர் உதாரணம் சிகாகோவில் இருக்கிறது. ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்ற டி.ஜே.யிடம் 'ஆன் அண்ட் ஆன்' என்ற ஒரு கள்ளப் பதிப்புத் தட்டு இருந்தது. அவருடைய கச்சேரிக்கு அதுதான் அடையாளம். அவருடைய தட்டுகள் திருட்டுப் போனபோது அதுவும் போயிற்று. அதே தட்டைத் தேடி அலைந்து அதிக விலை கொடுத்து வாங்க அவர் முயன்றிருக்கலாம். அதற்குப் பதில், நினைவில் இருந்த அடித்தொனியைத் தாள இயந்திரத்தோடு சேர்த்து, அதே பெயரில் 1984-ல் தாமே ஒரு தட்டைச் செய்துவிட்டார். ஹவுஸ் இசையில் வெளிவந்த முதல் தட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான். அதைச் செய்வதில் அவருக்குத் துணை நின்றவர் யார் தெரியுமா? கோமிஸ்கி பார்க்கில் இருக்கை காட்டிய வின்ஸ் லாரன்ஸ். இன்று அந்தத் தட்டின் முதல் அச்சையும் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றித்தான் வைத்திருக்கிறார்கள்.

என் நண்பருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குத் தட்டில் நாட்டமில்லை. "எனக்குப் பிறகு இதையெல்லாம் மொத்தமாக ஒரு வியாபாரி வந்து வேனில் ஏற்றிக் கொண்டு போவான்" என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். நான் சிகாகோவின் தென்பகுதியில் இருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொன்னேன். 1923-ல் கட்டிய பாங்கு அது; பாழாய்ப் போய்க் கிடந்தது. தியேஸ்டர் கேட்ஸ் என்ற கலைஞர் நகராட்சியிடமிருந்து ஒரு டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டு, 2015-ல் ஊராருக்குத் திறந்துவிட்டார். ஹவுஸ் இசையின் தந்தை என்று கொண்டாடப்படும் ஃபிராங்கி நக்கிள்ஸ் 2014-ல் இறந்த பிறகு, அவருடைய தட்டுகள், சுமார் ஐயாயிரம், அங்கே வந்து சேர்ந்தன. பூட்டி வைப்பதோடு நிற்கவில்லை. அவற்றைப் போட்டு அங்கே ஜனங்கள் ஆடியும் இருக்கிறார்கள்.

நண்பர் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போடுகிறார்களா? மூலத் தட்டையேவா?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "ஊசி நல்ல ஊசிதானா சார்? அடிக்கடி மாற்றுகிறார்களாமா?" என்றார்.